மீட்காத நகை: ஒரு கடனாளியும் ஒரு பழைய புத்தகமும்

இந்த எபிசோடை எங்க வீட்டு பீரோவிலிருந்து தொடங்குறேன். ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பாண்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் போட்டு வைத்திருக்கும் ஒரு துணிப்பை. அதற்குள் அட்டை கிழிந்த ஒரு புத்தகமும் இருந்தது: 'மோட்சப் பிரயாணம்'. ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய கதையின் தமிழ். பைபிளுக்கு அடுத்தபடியாக, பழைய கிறிஸ்தவ வீடுகளில் நிச்சயமாக இருக்கும் புத்தகம் இதுதான். பலர் வீட்டில் இருக்கும், ஆனா யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் வளர்ந்தது கும்மிடிப்பூண்டியில். அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கூட வேலை பார்த்தவர்களையும் சர்ச்சில் தெரிந்தவர்களையும் சேர்த்து ஏலச்சீட்டு நடத்தினார். இருபது பேர். முதல் சில மாதங்களிலேயே சீட்டை எடுத்துக்கொண்ட மூன்று பேர், வேலையை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அதுவும் போதவில்லை. அப்பா சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "முன்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவருக்கு நான் பணம் தரணும். அவர் முதுகைப் பார்த்துக்கிட்டு எப்படிப்பா பாட்டுப் பாடுறது?" என்றார்.

அந்த நாட்களில் நைட் ஷிப்ட் முடித்து வந்து அவர் படித்துக்கொண்டிருந்தது இந்தப் புத்தகம். அதில் ஒரே ஒரு பக்கத்தின் முனை மடக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்துக்குக் கடைசியில் வருவோம். முதலில், இந்தப் புத்தகம் தமிழுக்கு வந்த கதை. அதிலும் ஒரு கடன் இருக்கிறது.

பன்யன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்து கிராமத்துக்காரர். ஓட்டைப் பாத்திரங்களைச் சரிசெய்து கொடுப்பது தொழில். பெரிய படிப்பு கிடையாது. அரசு ஏற்ற சபைக்கு வெளியே, அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் சிறையில் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம். கதை 1678இல் வெளிவந்தது. முதுகில் பெரிய மூட்டையோடு ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பி, சேற்றில் விழுந்து, தப்பான வழியில் போய், நம்பிக்கை இழந்து, திரும்ப நடந்து, கடைசியில் போக வேண்டிய நகரத்துக்குப் போய்ச் சேருகிறான். கதை அவ்வளவுதான்.

அந்தக் கதை வேப்பேரியில் தமிழில் அச்சான வருஷம் 1793. தமிழில் நாவல் என்று நாம் எண்ணத் தொடங்குவது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலிருந்து, அது 1879. அதற்கு எண்பது வருஷத்துக்கும் முன்னாடியே ஒரு நீண்ட உரைநடைக் கதை தமிழில் அச்சேறிவிட்டது என்பதை நினைச்சுப் பாருங்க.

அந்த வேப்பேரி அச்சகத்தின் கதையும் சுவாரசியமானது. 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தபோது, கொள்ளைப் பொருளாக ஓர் அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனி வேலை வந்தால் அச்சடித்துத் தர வேண்டும், மற்ற நேரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள் என்பது ஏற்பாடு. அந்த ஒருவர் யோஹான் பிலிப் ஃபெப்ரீஷியஸ். புரசைவாக்கத்தில் ஃபெப்ரீஷியஸ் ஸ்கூல் தெரியுமில்லையா? அந்தப் பெயர்க்காரர்தான்.

ஜெர்மனியில் 1711இல் பிறந்தவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார், 1742இல் சென்னைக்கு. அதன்பிறகு ஊர் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நம்ம ஏரியாவுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது, அவர் தஞ்சம் புகுந்த இடம் பழவேற்காடு. அப்போது அது டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. 1758இல் லல்லியின் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி கொள்ளையடிக்கப்பட்டது. மறுபடியும் அவர் போனது பழவேற்காட்டுக்குத்தான்.

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் இன்றைக்கும் போகலாம். டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். பக்கத்தில் இருக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிய இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. எல்லாரும் அங்கே ஒரு செல்ஃபி எடுப்போம். நான் அங்கே நின்றபோது, உடைமைகளை இழந்து இந்த ஊருக்கு இரண்டு முறை ஓடிவந்த அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவர் செய்த வேலை சாதாரணமானதில்லை. புதிய ஏற்பாட்டின் அவருடைய தமிழ் 1772இல் வெளிவந்தது. தமிழ்–ஆங்கில அகராதி 1779இல். பழைய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்தார். இன்றைக்குச் சர்ச்சுகளில் வாசிக்கிற பைபிள் தமிழுக்கு அவருடைய மொழிபெயர்ப்பு ஓர் அடித்தளம். சொல்லுக்குச் சொல் பல வருஷங்கள் உட்கார்ந்து தேடியவர்.

அதே மனிதர்தான் பண விஷயத்தில் விழுந்தார். தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை வட்டிக்குக் கொடுத்து வைத்தார். கொடுத்த இடங்களிலிருந்து அது திரும்பவில்லை. பணம் கொடுத்தவர்கள் கேட்க வந்தார்கள். அவரால் தர முடியவில்லை. வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1788இல் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது. 1791 ஜனவரியில், 80 வயதில் இறந்தார்.

அவருக்கு வக்காலத்து வாங்குவது சுலபம். "பாவம், உலகம் தெரியாத மனுஷன், ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிடலாம். ஆனா பணத்தை இழந்தவர்களும் மனுஷங்கதானே? அவரை நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த வக்காலத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. அவரைப் பெரிய மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடனை மறைக்கிற வரலாறும் எனக்குப் பிடிக்கவில்லை. கடன்காரர் என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிற வரலாறும் பிடிக்கவில்லை. வரலாறு தேதியையும் தொகையையும் சொல்லும். விழுந்த ஒருவன் மறுநாள் காலையில் எப்படி எழுந்து நடக்கிறான் என்று சொல்ல ஒரு கதை வேண்டும்.

அவர் கடனாளியாக இறந்து இரண்டே வருஷத்தில், அவரிடம் ஒப்படைக்கப்பட்டுத் தொடங்கிய வேப்பேரி அச்சகத்திலிருந்து வந்ததுதான், சிறையில் இருந்த இன்னொரு மனிதரின் கதை.

இப்போது அப்பா மடக்கி வைத்திருந்த பக்கத்துக்கு வருவோம்.

அதில் ஒரு சின்னப் பாத்திரம். பெயர், அற்ப விசுவாசி. அவனும் பயணிதான், நல்லவன்தான். ஓரிடத்தில் அசந்து தூங்கிவிடுகிறான். மூன்று திருடர்கள் வந்து அடித்துப்போட்டு, செலவுக்கு வைத்திருந்த பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நகைகள் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை, தப்பிவிடுகின்றன. அதற்குப் பிறகு அவன் வழி நெடுகப் பிச்சை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறான். இந்தக் கதையைக் கதாநாயகன் தன்னோடு வரும் நண்பனுக்குச் சொல்கிறான். நண்பன் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்கிறான்: அந்த நகையில் ஒன்றை விற்றோ அடகு வைத்தோ சமாளித்திருக்கலாமே? திருடர்கள் வெறும் கோழைகள்தானே, எதிர்த்து நின்றிருக்கலாமே? கதாநாயகனுக்குக் கோபமே வந்துவிடுகிறது. வெளியே நின்று பேசுவது சுலபம், அந்த இடத்தில் நிற்கும்போதுதான் தெரியும் என்கிற மாதிரி பதில் சொல்கிறான்.

இந்த இடத்தில் பன்யன் எனக்குப் பெரிய எழுத்தாளராகத் தெரிகிறார். இதே புத்தகத்தில், முன்னாடியே, சிலுவையின் அடியில் கதாநாயகன் முதுகிலிருந்த மூட்டை கழன்று விழுந்து உருண்டுபோகிறது. அது மன்னிப்பு. ஆனா அற்ப விசுவாசியின் பணம் கடைசிவரை திரும்பக் கிடைப்பதில்லை. போனது போனதுதான். ஆறுதலாக ஏதாவது நினைக்கத் தொடங்கினாலே, இழந்த பணத்தின் ஞாபகம் வந்து அந்த ஆறுதலை விழுங்கிவிடுகிறது. மன்னிப்புக் கணக்கும் பணக் கணக்கும் வேறு வேறு என்று பன்யனுக்குத் தெரிந்திருக்கிறது. இருந்தும் அவன் வழியை விட்டு விலகவில்லை. நகையோடு, பிச்சை எடுத்துக்கொண்டே, போக வேண்டிய ஊரை நோக்கி நடக்கிறான்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: மீட்பு. சர்ச்சில் மீட்பர் என்கிறோம். தெருமுனை அடகுக்கடையிலும் அதே சொல்தான்: "நகையை மீட்டாச்சா?" ஃபெப்ரீஷியஸின் தாய்மொழியான ஜெர்மனிலும் இப்படி ஒன்று உண்டு. 'ஷுல்ட்' என்ற ஒரே சொல் குற்றத்தையும் குறிக்கும், கடனையும் குறிக்கும். தமிழ் பைபிளில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும், மத்தேயு சுவிசேஷத்தில் பாவம் என்று வர வேண்டிய இடத்தில் கடன் என்றுதான் இருக்கிறது. கடன்பட்டவனுக்கு அந்த வரியைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். அப்பாவுக்கு அடைத்தது. ஃபெப்ரீஷியஸுக்கும் அடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கதையைச் சாமுவேல் பவுல் ஐயர் நல்ல தமிழ் உரைநடையில் தந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் கிறிஸ்தவரானவர், இதைக் காப்பியமாகவே ஆக்கினார். 1894இல் வந்த 'இரட்சணிய யாத்திரிகம்', மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். ஓர் ஆங்கிலப் பாத்திரக்காரரின் கதைக்குக் கம்பனின் நடை கிடைத்தது.

இது பழைய கதைன்னு தோணுச்சுன்னா, எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்' எடுத்துப் பாருங்க. தஸ்தயேவ்ஸ்கி கடன் தொல்லையில் தவித்துக்கொண்டிருந்தபோது எழுதிய நாவல் அது. கதை தொடங்குவது அப்பாவின் கைக்கடிகாரத்தை, சரியாகச் சொன்னால் பையில் வைக்கிற கடிகாரத்தை, ஓர் இளைஞன் அடகு வைக்கப் போவதில். அந்த இளைஞன் கொலைகாரனாகிறான். அவனுக்கு பைபிளிலிருந்து லாசரு உயிர்த்தெழுந்த கதையை வாசித்துக் காட்டுபவள், குடும்பத்தின் வறுமைக்காகத் தன்னையே விற்றுக்கொண்ட சோனியா. விழுந்தவனுக்குக் கை கொடுப்பவளும் விழுந்தவள்தான். இந்த வகை நாவல்கள் எதிலும் சுத்தமான ஆட்கள் வந்து யாரையும் காப்பாற்றுவதில்லை.

இன்றைக்கு கும்மிடிப்பூண்டி லோக்கலில் போகிறபோது, லோன் ஆப்பிலிருந்து வரும் போனை எடுக்காமல் சைலன்ட்டில் போடுகிற பசங்களைப் பார்க்கிறேன். கான்ட்ராக்ட் வேலை, இ.எம்.ஐ., வீட்டுக்குச் சொல்ல முடியாத அவமானம். அவங்ககிட்ட ஒரு நாவலைக் கொடுத்தால் கடன் அடையாது. அதை நான் சொல்ல வரவில்லை. கடன்பட்டவன் என்பதோடு ஒருவனுடைய கதை முடிந்துவிடுவதில்லை என்று சொல்ல யாராவது வேண்டும். அப்பாவுக்கு அதைச் சொன்னது அந்த மடங்கிய பக்கம்.

அப்பா பாக்கியை அடைக்க ஏழு வருஷம் ஆனது. அம்மாவின் நகையை மீட்க முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. ஆனால் கடைசிப் பாக்கி தீருவதற்கு முன்பே, நடுவிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார். "அவருக்கு இன்னும் பணம் தரணுமேப்பா?" என்று கேட்டேன்.

"தரணும்தான். அதான் போறேன்," என்றார்.

அன்றைக்கு அவர் போய் உட்கார்ந்தது அதே பெஞ்சில். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், பாட்டுப் புத்தகத்தை நீட்டினாராம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.