இடிக்க வேண்டாம் என்றார் கௌடி

பார்சிலோனாவைச் சுற்றி நின்ற பழைய மதில்களை 1854-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதுவரை அந்த நகரத்துக்குள் மூச்சு விட இடமில்லை. ஒடுங்கிய சந்துகள், காற்றே நுழையாத வீடுகள், மீண்டும் மீண்டும் வந்த காலரா. மதில்களுக்கு வெளியே கிடந்த வெற்று நிலத்தில் புதுநகரம் ஒன்றுக்குத் திட்டம் வரைந்தவர் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர். நேர்கோட்டில் தெருக்கள், மூலை வெட்டிய சதுரங்களாக வீட்டு வரிசைகள். எய்ஷாம்ப்ளா என்பது அந்தப் பகுதியின் பெயர். அங்கே மிகவும் மதிப்பான சாலை பசேச் தெ கிராசியா. ஆலை வைத்துப் பணம் சேர்த்த குடும்பங்கள் அந்தச் சாலையில் ஒரு வீடு இருந்தால்தான் கௌரவம் என்று நினைத்த காலம் அது.

அந்தச் சாலையில் 43-ஆம் எண் வீடு 1877-இல் எழுந்தது. கட்டியவர் எமிலி சாலா கோர்தேஸ். கட்டடக்கலைப் பள்ளியில் அந்தோனி கௌடிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. தட்டையான முகப்பு, வரிசையாகச் சன்னல்கள், உள்ளே வெளிச்சம் குறைந்த அறைகள்.

1903-இல் இதை வாங்கினார் நெசவாலை அதிபர் ஜோசப் பட்யோ. அவருடைய மனைவி அமாலியா, 'லா வான்குவார்தியா' நாளிதழை நிறுவிய கொதோ குடும்பத்துப் பெண். இவர்கள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பக்கத்து வீட்டுக்காரரான சாக்லேட் முதலாளி அமத்யேர், புஜ் இ கதஃபால்க் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு தன் பழைய வீட்டைப் படிக்கட்டு போல ஏறி இறங்கும் உச்சியோடு அழகாக மாற்றியிருந்தார். அதே வரிசையில் சற்றுத் தள்ளி இருந்த லியோ மொரேரா வீட்டைத் தொமேனெக் இ மொந்தனேர் மாற்றிக்கொண்டிருந்தார். பட்யோவுக்கு இவற்றுக்கு ஈடாக ஒன்று வேண்டும். பழைய வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்து கௌடியிடம் போனார்.

அப்போது கௌடிக்கு 50 வயதைத் தாண்டியிருந்தது. சக்ரதா ஃபமிலியா தேவாலயப் பணி 20 ஆண்டுகளாக அவர் கையில் இருந்தது. எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள் என்று முழு உரிமை கொடுத்த செல்வந்தர் எதிரே நிற்கிறார். பணத்துக்குக் குறைவில்லை. எந்தக் கட்டடக்கலைஞரும் காலி மனையைத்தான் கேட்டிருப்பார். கௌடி இடிக்க வேண்டாம் என்றார். இருக்கும் கட்டடத்தை வைத்துக்கொண்டே செய்துவிடலாம் என்று பட்யோவைச் சம்மதிக்க வைத்தார். கௌடியின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பெரிய முடிவுகளில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன். 1904-இல் தொடங்கிய வேலை 1906-இல் முடிந்தது. காசா பட்யோ, அதாவது பட்யோவின் வீடு, அப்படித்தான் உருவானது.

வருகிறவர்கள் முகப்பைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்த வீட்டின் அறிவு முழுவதும் நடுவில் இருக்கிறது. நெருக்கிக் கட்டிய நகர வீடுகளில் பக்கச் சுவர்களில் சன்னல் வைக்க முடியாது. நடுவே மேலிருந்து கீழ்வரை விடும் திறப்புதான் உள்ளறைகளுக்கு வெளிச்சம். பழைய வீட்டில் அது போதவில்லை. கௌடி அதை அகலப்படுத்தி, மேலே இரும்பும் கண்ணாடியும் கொண்டு கூரை போட்டார். சுவர் முழுக்க நீல ஓடுகள் பதித்தார். வெயில் நேராக விழும் உச்சியில் அடர்ந்த நீலம். இறங்க இறங்க நீலம் வெளுத்து, கடைசியில் கிட்டத்தட்ட வெள்ளை. அடர்ந்த நிறம் மேலே கூசும் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். வெளிர் நிறம் கீழே வந்து சேரும் கொஞ்ச ஒளியைத் திருப்பி அனுப்பும். சன்னல்களையும் அதே கணக்கில் வைத்தார். மேல்மாடியில் சிறியவை, கீழே பெரியவை. அதனால் எந்த மாடியில் நின்றாலும் வெளிச்சம் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகிறது. சன்னல்களுக்குக் கீழே மரத்தில் திறந்து மூடும் காற்றுப் பிளவுகள் வேறு. கண்ணாடியைத் திறக்காமலே காற்றை உள்ளே விடலாம். அலங்காரம் என்று நாம் நினைக்கிற நீலம் ஒரு கணக்கு! இதற்காகவே நான் கௌடியை வணங்குகிறேன்.

முகப்பில் செய்தது துணிச்சலான வேலை. மேலே பல மாடிகளின் பாரம் இருக்கும்போதே, கீழ் மாடிகளின் பழைய முன்சுவரை எடுத்துவிட்டு, மோன்ஜூயிக் மலைக் கல்லில் செதுக்கிய தூண்களை நிறுத்தினார். அந்தத் தூண்கள் நீண்டு, நடுவில் மெலிந்து, மூட்டுகளில் பருத்திருப்பதைப் பார்த்து ஊரார் 'எலும்பு வீடு' என்று பெயர் வைத்தார்கள். கட்டுமானப் பொறுப்பு ஜோசப் பயோ என்ற கான்ட்ராக்டருக்கு. முதல் மாடியில் பட்யோ குடும்பம் வசிக்கும் பெரிய கூடம். அங்கே சாலையைப் பார்த்த சன்னல்களில் நடுச்சட்டம் ஏதும் கிடையாது. எதிர் எடை கட்டிய கண்ணாடிகளை மேலே தூக்கிவிட்டால் கூடம் முழுவதும் தெருவோடு சேர்ந்துவிடும்.

மேல் மாடிகளின் பழைய சுவரை விட்டுவைத்தார். அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, பூச்சின் மேல் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் வண்ண வட்ட ஓடுகளும். பட்டறைகள் கழித்துப் போட்ட சில்லுகள் இங்கே முகப்பாயின. கௌடி தெருவில் நின்றுகொண்டு, எந்த நிறத் துண்டு எங்கே என்று மேலே இருந்த வேலையாட்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பதிக்க வைத்தார். எந்த வரைபடத்திலும் அடங்காத வேலை அது. காலை வெயில் பட்டதும் சுவர் ஏரித் தண்ணீராய் மினுங்குவதற்குக் காரணம் கீழே நின்ற அந்தக் கண்கள்தான்.

கூரையில் செதில் போன்ற ஓடுகள். அதன் முதுகெலும்பாக நிறம் மாறும் பெரிய வளைந்த ஓடுகள். பக்கத்தில் நான்கு கைச் சிலுவை தாங்கிய கோபுரம். கட்டலான் மக்களின் காவல் புனிதர் சான் ஜோர்டி வேலால் குத்திக் கொன்ற டிராகன்தான் இது, கோபுரம் அந்த வேல், கீழே இருப்பவை டிராகன் தின்றவர்களின் எலும்புகள் என்று கதை சொல்வார்கள். கௌடி எந்த விளக்கமும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சிலுவை மயோர்க்கா தீவில் செய்து கப்பலில் வந்தது. வழியில் விரிசல் விட்டது. திருப்பி அனுப்பிப் புதிது வாங்காமல், உடைந்ததையே ஒட்டவைத்து ஏற்றினார். கோபுரத்தையும் முகப்பின் நடுவில் வைக்காமல் ஓரமாக ஒதுக்கி, அமத்யேர் வீட்டுப் பக்கம் கட்டடத்தைத் தாழ்த்திவிட்டார். பக்கத்து வீட்டின் உச்சி மறையக் கூடாது என்பது எண்ணம். போட்டிக்காகக் கட்டத் தொடங்கிய வீட்டில் இப்படி ஒரு பெருந்தன்மை!

மொட்டைமாடிக்குக் கீழே துணி துவைக்கவும் சாமான் போடவும் அமைந்த பகுதியை 60 வளைவுகள் தாங்குகின்றன. சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் வரும் வளைவைத் தலைகீழாக்கிய வடிவம் அது. குறைந்த செங்கல்லில் அதிகப் பாரம் தாங்கும். வேலையாட்கள் புழங்கும் இடத்துக்கும் முதலாளியின் கூடத்துக்குக் கொடுத்த அதே கவனம்.

1906-இல் நகராட்சி சிறந்த கட்டடத்துக்கான பரிசுக்கு இந்த வீட்டையும் பரிசீலித்தது. பரிசு ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போனது. பட்யோ 1934-இலும் அமாலியா 1940-இலும் காலமானார்கள். 1950-களில் வீடு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 1990-களில் சுப்பா சுப்ஸ் மிட்டாய் நிறுவனத்தின் பெர்னாத் குடும்பம் வாங்கிப் புதுப்பித்தது. கௌடி பிறந்த 150-ஆவது ஆண்டான 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பட்யோ வீட்டைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் பெரே மிலா. அவரும் அதே சாலையில் கௌடியிடம் ஒரு வீடு கேட்டார். அங்கே நின்ற பழைய கட்டடம் மட்டும் தப்பவில்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.