எல்லையில் போடப்பட்ட மேசை

பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்து ரைன் நதியைக் கடந்து, ஜெர்மனியின் கேல் என்னும் சிற்றூருக்கு ஒரு டிராம் வண்டி செல்கிறது. பாலத்தின் இரு கரைகளிலும் நாணயம் ஒன்றுதான். வண்டியும் அதேதான். ஆனால் நதியின் நடுவே எங்கோ ஓரிடத்தில் பயணிகளின் செல்பேசிகள் ஒவ்வொன்றாக அதிர்கின்றன. 'ஜெர்மனிக்கு நல்வரவு' என்று தொடங்கும் ஒரு குறுஞ்செய்தி. மண்ணில் கண்ணுக்குத் தெரியாமற்போன கோடு காற்றில் இன்னும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை.

இந்த டிராம் பாதை திறக்கப்பட்டது 2017 ஏப்ரலில். அடுத்த இரண்டு மாதங்களுக்குள், ஜூன் 15 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்பேசி ரோமிங் கூடுதல் கட்டணம் ஒழிக்கப்பட்டது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தது தற்செயல்தான். எனினும் தொலைத்தொடர்பின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு ஸ்ட்ராஸ்பூர் என்ற பெயர் வேறொன்றை நினைவூட்டும்: ஒரு மேசையை.

1850களில் தந்திக்கம்பிகள் நாட்டெல்லையோடு நின்றுவிடும். ஒவ்வொரு அரசும் தனக்கெனக் கருவிகளும் குறியீடுகளும் வைத்திருந்தது. தந்தியை அரசின் இரகசியக் கருவியாகவே கருதிய காலம் அது. பிரான்ஸுக்கும் பாடன் சிற்றரசுக்கும் இடையே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஸ்ட்ராஸ்பூரில் ஒரு பொது நிலையம். அதில் இரண்டு ஊழியர்கள், ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பாடன்காரர். பாரிஸிலிருந்து மின்னல் வேகத்தில் வந்த செய்தியைப் பிரெஞ்சு ஊழியர் ஒரு தாளில் கையால் எழுதி, மேசைக்கு அந்தப்புறம் நீட்டுவார். எதிரே இருப்பவர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தம் கருவியில் மீண்டும் தட்டி அனுப்புவார். பல நூறு கிலோமீட்டர்களை நொடியில் கடந்த செய்தி, ஒரு மேசையின் அகலத்தைக் கடக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டது.

இந்த மேசைகளை அகற்றவே 1865இல் இருபது ஐரோப்பிய அரசுகள் பாரிஸில் கூடின. மே 17 அன்று பன்னாட்டுத் தந்தி ஒன்றியம் பிறந்தது. மோர்ஸ் பொதுக்குறியீடாயிற்று, கட்டணக் கணக்குகளுக்குப் பொன் ஃபிராங்க் பொது அலகாயிற்று. தந்தி தனியார் கம்பெனிகளின் கையில் இருந்த பிரிட்டன் அந்த மாநாட்டில் இல்லை. இன்று ஐக்கிய நாடுகள் அவையின் அங்கமாக ஜெனீவாவில் இயங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அந்தக் கூட்டத்தின் வழித்தோன்றலே. இன்று ஐரோப்பாவுக்குச் செல்லும் பயணி, ஒரு கட்டக்குறியைச் செல்பேசிக்குக் காட்டி இ-சிம் ஒன்றை இறக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறார். அதைப் புத்தம்புதிய தொழில்நுட்ப அற்புதமாகவே விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் அந்தச் சிறு சில்லுக்குப் பின்னால் நிற்பது, மேசைக்கு இருபுறமும் அமர்ந்தவர்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பேசிய பேரம்.

*

கம்பியிலிருந்து காற்றுக்கு மாறியபோது ஐரோப்பா தன் பழைய பாடத்தை மறந்துவிட்டது. 1980களில் ஜெர்மனிக்கு ஒரு செல்பேசி முறை, பிரான்ஸுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று. ஒரு நாட்டின் கருவி அடுத்த நாட்டில் வெறும் எடைக்கல். விதிவிலக்கு வடபுலம் மட்டுமே. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கும் கூடி உருவாக்கிய பொதுமுறை 1981இல் ஸ்வீடனிலும் நார்வேயிலும், அடுத்த ஆண்டு மற்ற இரண்டிலும் இயங்கத் தொடங்கியது. அதன் சந்தாதாரர் நான்கு நாடுகளிலும் ஒரே கருவியைப் பயன்படுத்த முடிந்தது.

கண்டம் முழுமைக்குமான பொதுமுறையை வகுக்க 1982இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளே ஜிஎஸ்எம். 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்புகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹொல்கெரி, தம்பெரே நகரின் துணை மேயரை அழைத்துப் பேசினார். வணிக ஜிஎஸ்எம் வலைப்பின்னலின் முதல் அழைப்பு அது.

இந்த முறையில் நம் பொருளுக்கு முக்கியமான ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. கருவி வேறு, சந்தாதாரர் வேறு என்று அது பிரித்தது. சந்தாதாரரின் அடையாளம் ஓர் அட்டையில் எழுதப்பட்டது; அதுவே சிம். முதல் அட்டைகள் இன்றைய வங்கி அட்டையின் அளவில் இருந்தன. அவற்றை 1991இல் பின்லாந்துக்குச் செய்து கொடுத்தது மியூனிக் நகரின் கீசெக்கே உண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம். பணத்தாள் அச்சிடுவதில் பேர்பெற்ற அந்நிறுவனத்தின் கைக்கு சிம் போய்ச் சேர்ந்தது பொருத்தமானதே. அடையாளமும் ஒருவகை நாணயம் அல்லவா!

அட்டைக்குள் இருப்பது 15 இலக்கங்கள் வரை நீளும் ஓர் எண். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். பிரான்ஸ் 208, ஜெர்மனி 262, இந்தியா 404, 405. ஐரோப்பாவின் குறியீடுகள் எல்லாம் 2இல் தொடங்கும், ஆசியாவினுடையவற்றுள் பெரும்பாலானவை 4இல். அயல்நாட்டில் செல்பேசியை உயிர்ப்பித்தவுடன் உள்ளூர் வலைப்பின்னல் இவ்வெண்ணைப் படித்து, தாய்நிறுவனத்திடம் 'இவர் உங்களவரா? இவருக்காகப் பணம் தருவீர்களா?' என்று கேட்கிறது. 'ஆம்' என்ற பதில் வந்தால் கதவு திறக்கும். இதுதான் ரோமிங். 1992இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டனின் வோடபோனுக்கும் இடையே இதற்கான முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது.

மேசை அகன்றுவிட்டது போலத் தோன்றியது. உண்மையில் அது கணக்கரின் அறைக்கு நகர்த்தப்பட்டிருந்தது.

*

1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் ரோமிங் கட்டணம் என்பது விடுமுறை முடிந்து வீடு திரும்பியவரின் நெஞ்சை அடைக்கும் சமாச்சாரம். ஏன் அவ்வளவு விலை? கோபுரம் அதே கோபுரம். அலைக்கற்றை அதே அலைக்கற்றை. உள்ளூர்க்காரருக்குக் காசுகளில் கிடைத்தது விருந்தாளிக்கு யூரோக்களில் விற்கப்பட்டது.

காரணம் பொருளாதாரத்தைவிட அரசியலில் இருந்தது. விருந்தாளி தான் எந்த வலைப்பின்னலில் இணைகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. உள்ளூரில் சந்தா எடுக்கும்போது ரோமிங் விலையைப் பார்த்து எவரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுமில்லை. எனவே போட்டி வேலை செய்யவில்லை. ஸ்பெயினில் விடுமுறை கழிக்கும் ஜெர்மானியரிடம் அதிகம் வாங்கப்பட்டால், ஸ்பானிய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அது தன் குடிமக்களின் பிரச்சினையல்ல. ஜெர்மானிய ஆணையத்துக்கோ ஸ்பானிய நிறுவனத்தின் மீது அதிகாரம் இல்லை. விருந்தாளிக்காகப் பேச அந்த மேசையில் ஆளில்லை.

அந்த இருக்கையில் அமர்ந்தவர் லக்சம்பர்க்கைச் சேர்ந்த விவியன் ரெடிங், அன்றைய ஐரோப்பிய ஆணையர். 2007இல் அவர் முன்னின்று கொண்டுவந்த விதி, அழைப்புகளுக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், பெறும் அழைப்புகளுக்கு 24 சென்ட் என உச்சவரம்பு கட்டியது. நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின. 2010 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் விதி செல்லும் என்றது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் சூட்டிய மரபில் வந்த நமக்கு, இத்தகைய செயலின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. ரெடிங்குக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

பெரிய சுங்கம் தரவுக்கானது. நிறுவனங்கள் தமக்குள் கொடுத்து வாங்கும் மொத்த விலைக்கு 2009இல் வைக்கப்பட்ட உச்சவரம்பு மெகாபைட்டுக்கு 1 யூரோ. அதாவது ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் யூரோ! 2010 ஜூலை முதல், பயணி வேறுவிதமாகச் சொல்லாதவரை, 50 யூரோவை எட்டியதும் தரவு நிறுத்தப்பட வேண்டும் என்ற காவல் வந்தது. 2017இல் மொத்த விலை வரம்பு ஜிகாபைட்டுக்கு 7.70 யூரோவாயிற்று, 2022இல் புதுப்பிக்கப்பட்ட விதியின்படி 2 யூரோவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து, 2027இல் 1 யூரோவை அடைய வேண்டும். பதினெட்டு ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சரிவில் தொழில்நுட்பத்துக்குப் பங்குண்டு. ஆனால் விலையை இறக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைத் தந்தது சட்டம்.

இந்த விதிக்கும் ஒரு வேலி உண்டு. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை உள்ளே. சுவிட்சர்லாந்து வெளியே. ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிரிட்டனின் நிறுவனங்களை 2021 முதல் இந்த விதி கட்டுப்படுத்தவில்லை. அவற்றுள் சில 2022இல் பழைய கட்டணத்தை மீண்டும் வசூலிக்கத் தொடங்கின. 1865 மாநாட்டின் நாற்காலிகளை நினைவில் கொண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

*

வேலிக்கு வெளியிலிருந்து வருபவரின் கதைதான் இ-சிம்மின் கதை.

இந்தச் சில்லு பயணிக்காகப் பிறந்ததன்று. கார்களிலும் மின்மானிகளிலும் சிம் பொருத்த வேண்டியிருந்தது. ஓடும் காரைத் திறந்து அட்டை மாற்ற யாரால் முடியும்? எனவே சில்லைக் கருவியிலேயே பற்றவைத்து, அடையாளத்தை மட்டும் தொலைவிலிருந்து எழுதும் முறை வகுக்கப்பட்டது. உலகச் செல்பேசி நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ இயந்திரங்களுக்கான விதிகளை 2013இலும், மனிதர் கையாளும் கருவிகளுக்கான விதிகளை 2016இலும் வெளியிட்டது. 2017இல் கூகுளின் பிக்ஸல் 2, 2018இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்எஸ் என அது செல்பேசிக்குள் புகுந்தது. 2022இல் அமெரிக்காவில் விற்பனையான ஐபோன் 14இல் அட்டைக்கான துளையே இல்லை.

நிறுவனங்கள் இதை ஆரவாரத்தோடு வரவேற்றுவிடவில்லை. அட்டை என்பது வாடிக்கையாளர் மீது அவை குத்திய முத்திரை. அதை வாடிக்கையாளரே நொடியில் மாற்றிக்கொள்வது எந்த வணிகருக்கு உவப்பாக இருக்கும்? இ-சிம் விதிகள் வகுக்கப்பட்ட முறையில் போட்டியை ஒடுக்கும் நோக்கம் இருந்ததா என்று அமெரிக்க நீதித்துறையே விசாரித்தது. விதிகளை வகுக்கும் முறையை மாற்றிக்கொள்ள ஜிஎஸ்எம்ஏ இசைந்த பின், 2019 நவம்பரில் அவ்விசாரணை முடிந்தது.

இனி, சென்னையிலிருந்து பாரிஸ் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் சிம் 404 என்று தொடங்கினால் ஐரோப்பாவின் விலை வரம்புகள் அவருக்கில்லை. இந்திய நிறுவனம் சொன்னதே விலை. பாரிஸில் ஒரு தெருவின் வரைபடத்தைத் தேடினாலும் அத்தரவு பெரும்பாலும் இந்தியா சென்று திரும்பும். அவர் பயண இ-சிம் ஒன்றை வாங்குகிறார். கட்டக்குறியில் இருப்பது ஒரு சேவையகத்தின் முகவரியும் ஒரு இரகசியக் குறியும்தான். அவற்றைக் கொண்டு செல்பேசி ஒரு புதிய அடையாளத்தை இறக்கிக்கொள்கிறது. அது ஒரு போலந்து நிறுவனத்தினுடையதாக இருக்கலாம், வேறெந்த நாட்டினுடையதாகவும் இருக்கலாம். பாரிஸின் கோபுரத்துக்கு அவர் இப்போது சென்னைக்காரர் அல்லர். 2இல் தொடங்கும் எண் வாய்த்திருந்தால், அக்கம்பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி.

அதாவது பயண இ-சிம் ரோமிங்கை ஒழிக்கவில்லை. பெரும்பாலான வேளைகளில் அதுவே ஒரு ரோமிங் ஒப்பந்தம்தான். நல்ல ஒப்பந்தம் உடைய வேறொருவரின் பெயரில் நாம் நுழைகிறோம், அவ்வளவே. இதனால்தான் பாரிஸில் அமர்ந்திருப்பவரிடம் சில இணையத்தளங்கள் போலிஷ் மொழியில் பேசுகின்றன. 'ஐரோப்பா' என்று விற்கப்படும் பொதியில் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் துருக்கியும் சிலவற்றில் இருப்பதும் சிலவற்றில் இல்லாமற்போவதும் இதனால்தான். வாங்குமுன் நாடுகளின் பட்டியலைப் படிப்பது, பொதுவாழ்வில் ஒப்பந்தங்களைப் படிக்காத நமக்கு நல்ல பயிற்சி. அடையாளத்தை இறக்க இணையம் தேவை என்பதால் வீட்டிலேயே அதைச் செய்துவிடுவதும் நன்று.

ஒன்றைக் கவனிக்கலாம். இத்தகைய இ-சிம்களில் பல தரவு மட்டுமே தருவன. அவற்றுக்குப் பேசும் எண் இல்லை. ஆகவே பயணிகள் ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையைக் கழற்றி எறிவதில்லை. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். தாயின் அழைப்பும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

*

அந்தப் பழைய எண்ணின் பெறுமதியை 2022இல் ஐரோப்பா கண்டது. உக்ரைனிலிருந்து எல்லை கடந்தவர்களின் கைகளில் 255 என்று தொடங்கும் சிம்கள் இருந்தன. புதிய அட்டை வாங்கினால் இணையம் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் போர்முனையில் இருந்த கணவனுக்கும் மகனுக்கும் தெரிந்த எண் பழையதுதான். அவ்வாண்டு ஏப்ரலில் ஒன்றியத்தின் நிறுவனங்களும் உக்ரைன் நிறுவனங்களும் தாமாக முன்வந்து, ரோமிங்கை இலவசமாகவோ மலிவாகவோ தருவதென உடன்பட்டன. 2026 ஜனவரி 1 முதல் உக்ரைனும் மால்டோவாவும் ஒன்றியத்தின் ரோமிங் பரப்புக்குள் சட்டப்படி சேர்க்கப்பட்டன. ஒன்றியத்தில் உறுப்பினராகுமுன்பே அதன் காற்றுக்குள் அவை நுழைந்துவிட்டன.

அவர்களுக்கு இ-சிம் பயன்பட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம். தேவைப்பட்டது, மேசைக்கு இருபுறமும் இருந்தவர்கள் பேசி முடித்த ஓர் உடன்பாடு. வேலிக்கு வெளியே நிற்கும் மற்றவர்களுக்கு அத்தகைய உடன்பாடு இன்னும் வாய்க்கவில்லை. அதுவரை வேறொருவரின் அடையாளத்தை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் நாம் அங்கே நடமாடுகிறோம். வாடகை மலிவு என்பது உண்மை. வாடகை என்பதும் உண்மை.

டிராம் ரைனைக் கடக்கிறது. செல்பேசி அதிர்கிறது. ஸ்ட்ராஸ்பூர் நிலையத்தில் ஒருவர் எழுதி நீட்டிய தாளை மற்றவர் வாங்கிக்கொள்கிறார்.