புள்ளலூர்ப் போரும் நோவார்க் கிழார் எக்டர் மன்றோவும்

வென்றோர் எழுப்பிய சின்னத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுங்கால், அது கூறுவதனோடு கூறாது விடுத்ததனையும் ஆராய்தல் வேண்டும். ஸ்காட்லாந்து நிலக்கிழார் எக்டர் மன்றோவின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1726-இல் பிறந்த மன்றோ, ராஸ் நாட்டு நோவார்ப் பண்ணைக்கு உரியவர். 1764-இல் பக்சார்ப் போரில் வென்று புகழ் பெற்றார். 1768 முதல் 1802 வரை இன்வர்னஸ் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கினார். இடையில் மீண்டும் இந்தியா போந்து, 1778-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றினார்.

1780-இல் ஐதர் அலியின் படை தமிழகத்துட் புகுந்தபோது மன்றோ காஞ்சியில் இருந்தார். அவரோடு சேர வடக்கிலிருந்து வந்த பெய்லியின் படை, செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அணித்தாய புள்ளலூரில் அழிந்தது. பெய்லியும் இன்வர்னஸ் பகுதிக் குடும்பத்தவரே. சிறைப்பட்டு, 1782-இல் சீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோவோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளமொன்றில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அவ்வாண்டிலேயே செஞ்சிக் கோட்டையும் ஐதர் வயமாயிற்று.

1781 நவம்பரில் மன்றோ டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார். பின்னர் அவர் பண்ணையிலுள்ள பைரிஷ் குன்றின்மேல் கற்சின்னம் ஒன்று எழுந்தது. அது நாகைக் கோட்டை வாயிலின் உருவம் என்பது வழக்கு. வேலையற்ற குடிகளுக்குக் கூலியளிக்கவே கட்டப்பட்டது என்பது செவிவழிச் செய்தி. இவற்றுள் முன்னது டச்சு வரைபடங்களோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கது. பின்னதைக் கொண்டு மன்றோவின் ஈகையைப் புகழ்வார், 1792-ஐயும் நோக்குதல் வேண்டும். ஆட்டுப் பண்ணைகளுக்காக மேய்ச்சல் நிலம் இழந்த ராஸ் நாட்டு மக்கள் அவ்வாண்டு கிளர்ந்தெழுந்து ஆடுகளை ஓட்டிச் சென்றனர். படை கொண்டு அடக்கப்பட்டனர்.

பைரிஷ் குன்றில் நாகை உண்டு, புள்ளலூர் இல்லை. புள்ளலூரைக் காண விழைவார், 1784-இல் திப்பு எடுப்பித்த சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தைக் காண வேண்டும். அங்கோ நாகை இல்லை.

இந்நிலை காஞ்சிக்குப் புதிதன்று. பல்லவ மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்று இரண்டாம் புலிகேசியின் அய்கொளெக் கல்வெட்டுக் கூறுகிறது. இரண்டனையும் எதிரெதிர் வைத்தே அறிஞர் அப்போரின் இயல்பை உணர்ந்தனர். மன்றோவுக்கும் அம்முறையே பொருந்தும். குன்றின் கல்லும் மாளிகையின் ஓவியமும் ஒருங்கு வைத்து ஆராயப்படும்போதுதான், காஞ்சிக் குளத்தில் அமிழ்ந்த பீரங்கிகள் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறும்.