செயற்கைக் கடல்நீரில் சுண்ணாம்பின் வரலாறு

பவளத்தொட்டி என்பது உயிருள்ள பவளங்களைக் கடல்நீரில் வைத்து வளர்க்கும் தொட்டியாகும். கடலுக்குத் தொலைவில் உள்ள ஊர்களில் இதற்கான நீர், நன்னீரில் உப்புக்கலவையைக் கரைத்துச் செய்யப்படுகிறது. இக்கலவையின் பெரும்பகுதி சாதாரணச் சோற்றுப்புதான். எனினும் எடையில் மிகக் குறைவாக உள்ள சில பொருட்களே பவளத்தின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. கால்சியமும் காரத்தன்மையும் அவற்றுள் முதன்மையானவை. செயற்கைக் கடல்நீரை முதன்முதலில் செய்தவர்கள் சுண்ணாம்புப் பொருட்களைத் தேவையற்றவை என்று ஒதுக்கினர். இன்றோ ஒரு நிறுவனத்தின் உப்பை விட்டு வேறொன்றுக்கு மாறும் வளர்ப்பாளர்கள் முதலில் அளந்து பார்ப்பது இவ்விரண்டையும்தான்.

பவளம் எலும்பு கட்டும் முறை

கற்பவளங்கள் நீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக் கால்சியம் கார்பனேட்டாலான எலும்புக்கூட்டைக் கட்டுகின்றன. நீர் எவ்வளவு அமிலத்தை ஏற்று நடுநிலையாக்கும் என்பதே காரத்தன்மை. கடல்நீரில் இது பெரும்பாலும் பைகார்பனேட்டு, கார்பனேட்டு ஆகியவற்றால் வருவதால், பவளத்துக்குக் கிடைக்கும் மூலப்பொருளின் அளவுகோலாகவும் பயன்படுகிறது. இதைப் பி.எச். அளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. காரத்தன்மை, வளர்ப்பாளர்கள் வழங்கும் ஜெர்மானிய அலகான டி.கே.எச். கணக்கில், 6.5 முதல் 7 வரை இருக்கும். இவ்விரண்டின் கையிருப்பும் ஒரே அளவானதன்று. பவளங்கள் 2.8 டி.கே.எச். காரத்தன்மையைச் செலவிடும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் மட்டுமே குறைகிறது. அதாவது காரத்தன்மையில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்திருக்கும் நேரத்தில் கால்சியத்தில் இருபதில் ஒரு பங்குதான் போயிருக்கும். தொட்டியில் ஏற்படும் எந்த மாற்றமும் முதலில் காரத்தன்மையில் தெரிவதற்கு இதுவே காரணம்.

சுண்ணாம்பில்லாத முதல் கலவை

ஐரோப்பாவில் கடல் உயிர்களை வீட்டில் வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா தின். இவர் 1846-இல் டார்க்கீ கடற்கரையில் கிடைத்த கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அந்நீரில் காற்று கலப்பதற்காக அதை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் ஆற்றி ஊற்ற வேண்டியிருந்தது. கடல்நீரைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் சிரமம் அக்காலத்து வளர்ப்பாளர்கள் எல்லோருக்கும் பொதுவானது.

இச்சிரமத்தைத் தீர்க்க இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் 1854-இல் ஒரு செயற்கைக் கடல்நீர்க் கலவையை வெளியிட்டார். பிரைட்டன் கடல்நீரின் வேதியியல் பகுப்பாய்வு ஒன்றை அவர் அடிப்படையாகக் கொண்டார். அந்தப் பட்டியலில் கால்சியம் சல்பேட்டும் கால்சியம் கார்பனேட்டும் இருந்தன. கார்பனேட்டு மிகச் சிறிய அளவே உள்ளது என்றும், சல்பேட்டு எளிதில் கரையாது என்றும் கருதிய காஸ், இரண்டையும் விட்டுவிட்டார். சோற்றுப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கு மட்டுமே அவருடைய கலவையில் இடம்பெற்றன.

கலவை பயன்பட்டது. கடற்பாசிகளும் சிறு விலங்குகளும் அதில் வாழ்ந்தன. வாழ்வதற்கு ஏற்ற நீர் வேறு, எலும்பு கட்டுவதற்கு ஏற்ற நீர் வேறு என்ற வேறுபாடு அன்று கேள்வியாக எழவில்லை. வெப்பக்கடல் பவளங்களை அக்காலத்தில் தொட்டியில் வளர்க்கும் நிலையும் இல்லை.

கடலின் மாறா விகிதம்

செயற்கைக் கடல்நீர் சாத்தியமானதற்கு ஓர் அடிப்படை உண்மை துணைநின்றது. உலகின் கடல்களில் உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடினாலும் குறைந்தாலும், முதன்மை உப்புகளுக்கு இடையேயான விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அலெக்சாண்டர் மார்செட் 1819-இலும் யோஹான் ஜார்ஜ் ஃபோர்க்ஹாமர் 1865-இலும் இதைச் சுட்டிக்காட்டினர். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் சேகரித்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து, 1884-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை உறுதிசெய்தார்.

அந்த ஆய்விலும் ஒரு சிறு விலக்கு தென்பட்டது. ஆழ்கடல் நீரில் கால்சியம் மேற்பரப்பு நீரைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. மேற்பரப்பில் உயிர்கள் கால்சியத்தை எடுத்து ஓடு கட்டுகின்றன. அவை இறந்து ஆழத்துக்குச் சென்றபின் ஓடு மீண்டும் கரைகிறது. மாறாதது எனப்பட்ட விகிதத்தில் உயிர்கள் கைவைக்கும் இடம் சுண்ணாம்பு என்பதை இவ்விலக்கு காட்டுகிறது. பெருங்கடலில் மிகச் சிறிதாக உள்ள இந்த மாற்றம், சில நூறு லிட்டர் கொண்ட தொட்டியில் மிகப் பெரிதாகிவிடும்.

1940-இல் ஜான் லைமன், ரிச்சர்ட் ஃபிளெமிங் ஆகியோர் வெளியிட்ட செய்முறை ஆய்வகங்களில் நெடுங்காலம் வழங்கியது. அதன்படி ஒரு கிலோகிராம் கடல்நீருக்கு 23.476 கிராம் சோடியம் குளோரைடு தேவை. கால்சியம் குளோரைடு 1.102 கிராம், சோடியம் பைகார்பனேட்டு 0.192 கிராம் மட்டுமே. பைகார்பனேட்டு என்பது நம் சமையலறை ஆப்பச்சோடாதான். மொத்த உப்பில் இருநூறில் ஒரு பங்கு அளவே உள்ள இப்பொருள்தான் காரத்தன்மையின் பெரும்பகுதியைத் தருகிறது. 1960-களில் அமெரிக்காவில் பொட்டலமிட்ட கடலுப்பு விற்பனைக்கு வந்தபின், கடற்கரையில்லாத நகரங்களிலும் கடல்மீன் வளர்ப்பு பரவியது.

சுண்ணாம்பு நீரும் பெர்லின் முறையும்

பவள வளர்ப்பின் அடுத்த கட்டம் ஆசியாவில் தொடங்கியது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடற்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே பவளங்களை வளர்க்கும் தம் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். அவருக்குக் கடல்நீர் அருகிலேயே கிடைத்தது. ஐரோப்பியர்களுக்கு அவ்வசதி இல்லை. அவர்களது தொட்டிகளில் கற்பவளங்கள் சில காலம் இருந்து, பின் வளர்ச்சியின்றி நலிந்தன.

1970-களில் பீட்டர் வில்கென்ஸ் இதற்கு எளிய வழி ஒன்றைப் பரப்பினார். தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக வெறும் நன்னீரை ஊற்றாமல், தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றுவதே அவ்வழி. வெற்றிலையில் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் செலவிடும் அதே விகிதத்தில் ஈடுசெய்கிறது. இந்த நீர் கடுங்காரமுடையது என்பதால் சொட்டுச் சொட்டாகவே சேர்க்கப்பட்டது. உயிர்ப்பாறை, வலுவான ஒளி, கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி ஆகியவற்றோடு இது இணைந்து ‘பெர்லின் முறை’ என்று பெயர்பெற்றது. கிளைப்பவளங்கள் தொட்டியிலேயே பெருகி, ஒடித்து நட்டு வளர்க்கப்படும் நிலை உருவானது.

பின்னர் கரியமிலவாயு கலந்த நீரால் பவளச் சரளையைக் கரைக்கும் கருவிகள் வந்தன. 1990-களில் ஹான்ஸ் வெர்னர் பாலிங் கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனியே ஊற்றும் முறையை வகுத்தார். இவ்விரண்டும் வினைபுரிந்தபின் சோற்றுப்பு எஞ்சிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கடல்நீரின் விகிதம் குலையாமலிருக்க, சோற்றுப்பு நீக்கிய கடலுப்பை மூன்றாவதாகச் சேர்க்க வேண்டும் என்றும் அவர் வகுத்தார்.

உப்பை மாற்றும்போது

இன்று விற்கப்படும் உப்புகள் எல்லாம் ஒரே கடல்நீரைத் தருவதில்லை. சில இயற்கை அளவை ஒட்டி 7 அல்லது 8 டி.கே.எச். காரத்தன்மை தருகின்றன. பவள வளர்ப்புக்கென்றே செய்யப்படும் வேறு சில 11 அல்லது 12 வரை தருகின்றன.

200 லிட்டர் தொட்டி ஒன்றில் காரத்தன்மை 7.5, கால்சியம் 420 என்று கொள்வோம். புதிய உப்பின் நீரில் இவை முறையே 12, 450 எனில், 20 லிட்டர் நீரை மாற்றியதும் தொட்டியின் அளவுகள் 7.95, 423 என்றாகும். இந்த மாற்றத்தைப் பவளம் பொதுவாகத் தாங்கும். ஒரே தடவையில் 100 லிட்டரை மாற்றினால் 9.75, 435 என்றாகும். கால்சியம் 4 விழுக்காடுகூட உயராதபோது காரத்தன்மை 30 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. இத்தகைய திடீர் உயர்வில் கிளைப்பவளங்களின் நுனித்தசை வெளுத்து உரிவதை வளர்ப்பாளர்கள் கண்டுள்ளனர்.

காரத்தன்மை மிகுந்த உப்பிலிருந்து குறைந்ததற்கு மாறும்போது வேறுவகைச் சிக்கல் நேர்கிறது. சரிவு மெதுவாக நடக்கும். கால்சியத்தை மட்டும் அளப்பவருக்கு அது 400-க்கு மேலேயே தெரியும். காரத்தன்மை தீர்ந்துவருவது கண்ணில் படாது.

ஆகவே புதிய உப்பைத் தொட்டியின் உவர்ப்பு அளவுக்கே கரைத்து, இரண்டு நீரையும் ஒப்பிட்டு அளப்பது முதற்படி. உவர்ப்பு வேறுபட்டால் ஒப்பீடு பொருளற்றதாகிவிடும். வேறுபாடு பெரிதெனில் நீரைச் சிறுசிறு பங்காக மாற்ற வேண்டும், அல்லது குறைவாக உள்ள நீரை முன்கூட்டியே திருத்த வேண்டும். 100 லிட்டர் நீரில் 1 டி.கே.எச். உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட்டு போதும். காரத்தன்மையை ஒரே நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் மாற்றாமலிருப்பது வளர்ப்பாளரிடையே வழக்கம். கால்சியம் உப்பையும் பைகார்பனேட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து ஊற்றினால் இரண்டும் வெண்ணிறப் படிவாகி வீணாகும். மக்னீசியம் இயற்கை அளவான சுமார் 1300 மில்லிகிராமில் இருந்தால் அவ்வாறு படிவது குறையும்.

தொட்டிக்கு வெளியே

இவ்வேதியியல் பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. அரிசோனாவிலுள்ள பயோஸ்ஃபியர் 2 வளாகத்தின் செயற்கைக் கடலில் கிறிஸ் லாங்டனும் உடன் ஆய்வாளர்களும் நீரின் வேதியியலை மாற்றிமாற்றிப் பவளத்திட்டின் வளர்ச்சியை அளந்தனர். நீரில் கால்சியம் கார்பனேட்டின் செறிவுநிலை குறையும்போது எலும்பு கட்டும் வேகமும் குறைகிறது என்பதை 2000-இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. வளிமண்டலத்தில் பெருகும் கரியமிலவாயு கடலில் கரைந்து கார்பனேட்டைக் குறைத்துவருவதால், இம்முடிவு உலகின் பவளத்திட்டுகள் அனைத்துக்கும் பொருந்துவதாயிற்று. தொட்டியில் நீர் கெட்டால் வேறு உப்பை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். கடலுக்கு அவ்வழி இல்லை.