இரு மே 18: கொரியத் திரையும் முள்ளிவாய்க்கால் நினைவும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் நீரேரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்தது முள்ளிவாய்க்கால். இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே 18 அன்று இங்குதான் முடிவுற்றது. அதற்கு 29 ஆண்டுகள் முன்னர், 1980 இல், அதே மே 18 அன்று, தென்கொரியாவின் தென்மேற்கு நகரமாகிய குவாங்ஜுவிற் பல்கலைக்கழக வாயிலில் நின்ற மாணவரைப் பரசூட் படையினர் தாக்கினர். அதிலிருந்து பத்து நாள்கள் அந்நகர் கொந்தளித்தது. இரண்டும் தன்மையால் ஒன்றல்ல. ஒன்று படைத்துறை ஆட்சிக்கெதிரான நகர மக்களின் எழுச்சி. மற்றது நீண்டதோர் இனப்போரின் இறுதிக் கட்டம். திகதி ஒத்தமை தற்செயலே. அதனை வைத்துத் தத்துவம் பேசுதல் வேண்டா. ஆயினும் தனது மே 18 ஐப் பேசக் கொரியத் திரை எவ்வாறு கற்றுக்கொண்டது என்னும் வினா, கொரியத் தொடர்களை விரும்பிப் பார்க்கும் ஈழத்துத் தமிழ் இளைஞருக்குப் புறம்பானதன்று.

கொரியத் தொடர்நாடகங்கள் இலங்கைக்குப் புதியனவல்ல. 2003 ஆம் ஆண்டு தொடங்கி 54 பகுதிகளாகக் கொரியாவில் ஒளிபரப்பான ‘டே ஜாங் கும்’, 2012 இல் ‘சுஜாத தியணி’ என்னும் பெயருடன் ரூபவாஹினியிற் சிங்களத்தில் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. தமிழ்க் குரலுடன் அத்தகைய தொடர்களை முதலிற் பரவலாக்கியது, 2013 இல் தொடங்கிய தமிழகத்துப் புதுயுகம் தொலைக்காட்சி எனலாம். பின்னர் கைத்தொலைபேசி வந்தது; வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒன்றாய்ப் பார்த்த நிலை மாறி, அவரவர் திரையில் அவரவர் தொடர் ஓடலாயிற்று.

இத்தொடர்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிக் கூறின், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பெருநிறுவனக் குடும்பத்தின் வாரிசு, கடனில் மூழ்கிய வீட்டுப் பெண், குறுக்கே நிற்கும் தாய், வேண்டியபோது வந்து வேண்டியபோது நீங்கும் மறதி நோய், மழையில் ஒரு குடை. கதாபாத்திரங்கள் உணவகத்திலே துயரத்தைப் பேசும்போதும் விளம்பரதாரரின் பெயர்ப்பலகை பின்னணியிலே தெளிவாகத் தெரியும். ஆனால் 16 அல்லது 20 பகுதிகளிற் கதையை முடித்துவிடும் ஒழுக்கம் அவற்றுக்குண்டு. ஆண்டுக்கணக்கில் இழுபடும் தமிழ்த் தொடர்களைக் கண்டு சலித்தோருக்கு இஃதொன்றே பெரிய ஆறுதலாகும். ‘டே ஜாங் கும்’ தொடரின் மூலமோ அரச வரலாற்றுப் பதிவேடுகளிலே ஒரு மருத்துவச்சியைப் பற்றி வரும் மிகச் சில குறிப்புகள்தாம். அதனை வரலாறு எனக் கொள்ளலாகாது. எனினும் அரசனை விட்டு, அரண்மனை அடுக்களையில் நின்ற பெண்ணைக் கதைத் தலைவியாக்கிய துணிவு பாராட்டத்தக்கதே.

இப்பளபளப்புக்குப் பின்னால் வேறொரு வரலாறு உண்டு. 1979 டிசம்பரிற் படைத்துறையைக் கைப்பற்றிய சுன் டூ-ஹுவான், 1980 மே 17 இல் இராணுவச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரித்தார். மே 21 அன்று குவாங்ஜுவில் மாகாணச் செயலகத்தின் முன் திரண்ட மக்கள்மீது படையினர் சுட்டனர். பின்னர் படை நகரை விட்டு நீங்கியது. 27 ஆம் திகதி விடியற்காலை மீண்டும் நுழைந்து எழுச்சியை முடித்தது. இடைப்பட்ட நாள்களிற் சந்தைப் பெண்கள் சோற்றைக் கையாற் பிடித்து உருண்டையாக்கித் தெருவில் நின்றோர்க்கு வழங்கினர். அவ்வாண்டு முடிவதற்குள் செய்தி நிறுவனங்கள் வலிந்து ஒன்றிணைக்கப்பட்டன. அதே டிசம்பரில் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியது. அரசியலை மறக்கச் செய்வதற்கு விளையாட்டையும் கேளிக்கையையும் அவ்வாட்சி ஊக்குவித்தது எனக் கொரிய ஆய்வாளர் பலர் கூறுவர். இன்று உலகம் வியக்கும் கொரியத் தொலைக்காட்சி வளர்ந்த நாற்றங்கால்களுள் அம்மௌனமும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

மௌனத்தை முதலில் உடைத்தோர் மாணவர்களும் அவர்களை ஒத்த இளங்கலைஞர்களுமே. 1989 இல் ‘ஓ! கனவு நாடே’ என்னும் 16 மி.மீ. படத்தை ஒரு சிறு திரைப்படக் குழு தணிக்கைக்கு அனுப்பாமலே பல்கலைக்கழகங்களிலும் சிற்றரங்குகளிலும் காட்டியது. அரசு வழக்குத் தொடர்ந்தது. அக்குழுவினர் மீதான வழக்குகளின் தொடர்ச்சியாகவே 1996 அக்டோபரில் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் திரைப்பட முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. படத்தின் கலைத்தரம் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் ஒரு நாட்டின் தணிக்கை முறையை வீழ்த்துவதிற் பங்கு கொண்ட படங்கள் உலகத் திரை வரலாற்றில் அதிகம் இல்லை.

தொலைக்காட்சியில் இதனைச் செய்தது ‘மணற்கடிகை’. 1995 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் 24 பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடரை எழுதியவர் சொங் ஜி-நா. நெறியாள்கை கிம் ஜொங்-ஹக். குவாங்ஜு நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சி நாடகம் ஒன்று நேராகக் காட்டியது அதுவே முதன்முறை. அது ஒளிபரப்பான இரவுகளில் தலைநகர் வீதிகள் வெறிச்சோடின என்பர். ஆயின் ஒரு முரணை ஈண்டுக் கூறியாகவேண்டும். அந்நிலையத்தின் ஒளிபரப்பு அக்காலத்திற் சியோல் பகுதிக்கே உரியது. எந்த நகரின் துயரம் காட்டப்பட்டதோ அந்நகரினர் அதன் முதற் பார்வையாளர் அல்லர். அவ்வாண்டு ஜூலையில் அரச வழக்குத்தொடுநர் சுன் மீது வழக்கில்லை என்றனர். மக்கள் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் அவர் கைதானார். மே 18 பற்றிய சிறப்புச் சட்டமும் நிறைவேறியது. 1997 ஏப்ரலில் ஆயுட்டண்டனை உறுதியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே மன்னிப்பும் கிடைத்தது. 2021 இல் இறக்கும்வரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தொடர்நாடகம் இத்தனையையும் செய்துவிட்டது எனல் மிகை. 1987 இன் மக்கள் போராட்டம் வழியைத் திறந்திராவிடின் ‘மணற்கடிகை’ எழுதப்பட்டிருக்கவே முடியாது. கலையின் துணிவு அரசியல் மாற்றத்துக்குப் பின்னே வந்தது. பின் அம்மாற்றத்தை மேலும் ஓரடி தள்ளியது.

இனி முள்ளிவாய்க்காலின் பக்கம். 1990 முதல் வன்னியில் மின்சாரம் இல்லை; மின்பிறப்பாக்கியின் உதவியாலேயே படம் பார்க்க முடிந்தது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் தன் படைப்புகளை வெளியிட்டது. அயல்நாட்டுப் போர்ப் படங்களும் தமிழ்க் குரல் சேர்க்கப்பட்டுக் காட்டப்பட்டன. 2002 இன் போர்நிறுத்தத்துக்குப் பின் தமிழகக் கலைஞர் வந்து போயினர். ஜான் மகேந்திரனின் ‘ஆணிவேர்’ (2006) வன்னி மண்ணிலேயே படமாக்கப்பட்டது. காட்சிகளின் உண்மைத் தன்மை அதன் பலம். ஆனால் இயக்கத்தின் ஆளுகையில் இருந்த நிலத்தில் இயக்கத்தின் பார்வைக்கு மாறான ஒன்றை அப்படம் காட்டியிருக்க முடியாது. பிள்ளைகளைப் படைக்குக் கொடுக்க மறுத்த தாயின் குரலுக்கு அங்கே இடமில்லை.

2009 இன் நிகழ்ச்சிகள் பற்றி ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் அறிக்கை தந்தது. 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கலாம் என்னும் மதிப்பீட்டை அது புறந்தள்ளவில்லை. பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் அரச படைகள் எறிகணை வீசியமை, மக்கள் வெளியேறாவண்ணம் புலிகள் தடுத்தமை, சிறுவரைப் படையிற் சேர்த்தமை ஆகியன நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் எனவும் அது பதிவு செய்தது. அரசு அவ்வறிக்கையை ஏற்கவில்லை. அம்பலவன்பொக்கணையில் ஏப்ரல் 8 அன்று பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் எறிகணைக்கு இரையாகினர் என்றும், இறந்த தாய்மார் சிலரின் கைகளிற் பால்மா அட்டைகள் இருந்தன என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. இச்செய்தியைப் படித்தவர் எவரும் திரைக்கதை ஆசிரியரின் கற்பனையை இங்கு வேண்டார். படைத்தலைமையை நிறுத்தி விசாரித்த வழக்கு, கொரியாவில் நடந்ததைப் போல், இங்கு நடைபெறவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது ‘கொரியர் படமெடுத்தனர், நம்மவர் எடுக்கவில்லை’ எனக் குறைகூறுதல் நியாயமன்று.

எனினும் கொரியப் படங்கள் யாவும் ஒரே தரத்தனவல்ல. ஜாங் ஹூனின் ‘வாடகைக்கார்ச் சாரதி’ (2017) 1.2 கோடிப் பார்வையாளரைக் கண்டது. ஜெர்மன் செய்தியாளர் ஹின்ஸ்பீற்றரைக் குவாங்ஜுவுக்கு ஏற்றிச் சென்ற சியோல் சாரதியின் கதை அது. நகரை விட்டுத் தனியே தப்பிச் செல்லும் சாரதி, வழியிலுள்ள உணவகத்தில் ஒரு சோற்று உருண்டையைக் கடிக்கும்போது குவாங்ஜுவிற் கிடைத்த உருண்டை நினைவுக்கு வர அழுகின்றான். வசனத்தால் ஆகாததைச் சோறு செய்துவிடுகின்றது. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வாங்கிக் குடித்த எவருக்கும் அக்காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. அதே படத்தின் இறுதியில் வாடகைக் கார்கள் அணிவகுத்துப் படையினரின் வாகனங்களை மறிக்கும் துரத்தற் காட்சியோ வெறும் சந்தைச் சரக்கு. மேலும், உண்மைச் சாரதி கிம் சா-பொக் ஆங்கிலம் அறிந்தவர். நிலைமையை உணர்ந்தே சென்றவர். படம் அவரை ஏதுமறியா அப்பாவி ஆக்கிற்று. அரங்கில் இருப்போர் தம்மை அவனோடு ஒன்றாக்கிக் கொள்ள வேண்டும் என்பதற்காக, அறிந்து செய்தவனின் பெருமை விலையாகக் கொடுக்கப்பட்டது.

வெளியிலிருந்து வந்தவனின் கண்ணாற் பார்த்தல் என்னும் இவ்வுத்தி தமிழ்த் திரைக்கும் பழக்கமானதே. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) மாங்குளத்தைச் சென்னையில் வளர்ந்த சிறுமியின் வழியே காண்கின்றது. ‘ஆணிவேர்’ படத்திலும் இந்தியாவிலிருந்து வரும் பெண் செய்தியாளரே நம்மை உள்ளே அழைத்துச் செல்கின்றார். ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015) கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. ஷோபாசக்தி தம் சொந்தத் தமிழிலேயே அதிற் பேசினார். ஆயின் வன்னி அங்கு தொடக்கக் காட்சி மட்டுமே. கதை பாரிஸ் புறநகருக்குரியது. மொழியைப் பொறுத்தமட்டில், 1978 இல் வந்த ‘வாடைக்காற்று’ கடற்றொழிலாளரின் பேச்சைத் திரையிற் கேட்கச் செய்த ஈழத்து முயற்சி என்பதையும் நினைத்தல் தகும்.

குற்றம் புரிந்த பக்கத்தினுள்ளே நுழைந்து பார்த்தது லீ சாங்-டொங்கின் ‘பெப்பர்மின்ற் மிட்டாய்’ (1999). கதை 1999 இலிருந்து 1979 நோக்கிப் பின்னே செல்கின்றது. குவாங்ஜுவிற் பயந்து நடுங்கிய ஒரு கட்டாயப் படைவீரன் தவறுதலாகப் பள்ளிச் சிறுமி ஒருத்தியைச் சுட்டுவிடுகின்றான். பின்பு அவனே வதைக்கும் பொலிஸ்காரன் ஆகின்றான். பிரசன்ன விதானகேயின் ‘புர ஹந்த களுவர’ (1997) இதற்கு நிகராக இலங்கையில் வைத்தெண்ணத்தக்கது. முத்திரையிடப்பட்டு வந்த மகனின் சவப்பெட்டியை நம்ப மறுக்கும் சிங்களக் கிராமத்துத் தந்தையின் கதை அது. 2000 இல் அரசு அதனைத் தடை செய்தது. உயர்நீதிமன்றம் சென்றே அது திரைக்கு வந்தது. சிங்களத் திரையின் இம்முயற்சிகளைத் தமிழ் மாணவர் போதிய அளவு பார்ப்பதில்லை. சியோலிலிருந்து வருவது கைத்தொலைபேசியில் உடனே கிடைக்கின்றது; அனுராதபுரத்திலிருந்து வருவது கிடைப்பதில்லை.

இவை யாவற்றிலும் முள்ளிவாய்க்காலுக்கு மிக அண்மையில் நிற்பது ஓ முயெலின் ‘ஜிசுல்’ (2012). அது குவாங்ஜு பற்றியதன்று. ஜேஜு தீவில் 1948 இல் தொடங்கிய ஒடுக்குமுறை பற்றியது. அதில் 25,000 முதல் 30,000 பேர் வரை மாண்டனர் என 2003 இன் அரச அறிக்கை மதிப்பிட்டது. அவ்வாண்டே ஜனாதிபதி ரோ மூ-ஹியுன் மன்னிப்புக் கோரினார். அதற்கு முன் 1978 இல் இதனைக் கதையாக எழுதிய ஹியுன் கி-யொங் சித்திரவதைக்குள்ளானார். ஓ முயெல் அத்தீவினர். கறுப்பு வெள்ளையில், சிறு பணத்தில், கிராமத்தார் குகைக்குள் ஒளிந்திருந்த நாள்களை அவர் படமாக்கினார். ‘ஜிசுல்’ என்பது தீவின் பேச்சில் உருளைக்கிழங்கு. குகையிருளில் அதனைப் பங்கிட்டு உண்கின்றனர்; பன்றியை யார் பார்ப்பது என்று கவலைப்படுகின்றனர்; ஒருவரையொருவர் கேலி செய்கின்றனர். சாகப்போகிறவர் என்று தம்மை எண்ணாத மனிதரின் பேச்சு அது. பதுங்குகுழியிலிருந்து மீண்டோர் கூறும் நினைவுகளிலும் இத்தகைய சிறு கவலைகளே அதிகம்: கட்டிவிட்டு வந்த ஆடு, பூட்டாத கதவு. தமிழிற் போரைப் பேசிய படங்களிற் சிரிப்பு அரிது. அவை பாத்திரங்களைத் தொடக்கத்திலேயே தியாகிகளாக்கி விடுகின்றன.

படத்தின் பகுதிகள் மூதாதையர்க்குச் செய்யும் சடங்கின் படிகளைப் பெயராகக் கொண்டுள்ளன. இறுதியிற் காகிதம் எரிகின்றது. எடுத்தவருக்கு அது படம் மட்டுமன்று, செய்யப்படாது போன ஈமக்கடன். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டுப் பின்னர் மீள அமைக்கப்பட்டதையும், 2024 மே மாதத்திற் சம்பூரிற் கஞ்சி வழங்கியமைக்காகச் சிலர் கைதானதையும் அறிந்தோருக்கு, நினைவுச் சடங்கு திரைக்குள் ஏன் புகுகின்றது என்பது விளங்கும்.

‘ஜிசுல்’ 2013 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்படப் பிரிவின் தலைமைப் பரிசை வென்றது. அவ்வாண்டு மார்ச் முதலாந் திகதி அது ஜேஜுவில் திரையிடப்பட்டது. ஏனைய கொரியர் மேலும் மூன்று வாரங்கள் காத்திருந்தனர். தீவின் பேச்சு அவர்களுக்குப் புரியாதாகையால், அவர்களின் அரங்குகளிற் படம் பொதுக் கொரிய மொழியில் எழுத்துரை இடப்பட்டுக் காட்டப்பட்டது.