கொடையா, உரிமையா?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடில நதியின் அருகே, புனித டேவிட் கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கினர். 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். இன்று அங்கு எஞ்சி நிற்பவை சில சிதைவுகளே. அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவன் இடிந்த கோட்டையிலிருந்து தொடங்குவானேன் என்று மாணவ நேயர்கள் வியக்கக்கூடும். அக்கோட்டைத் தலைவர் ஒருவரின் பெயரால் ஏற்பட்ட ஒரு நிதியின் கதை, நாம் ஆராயப்போகும் பொருளுக்குத் தக்க முன்னுரையாக அமைவதே காரணம்.

அவர் இராபர்ட் கிளைவ். 1756ஆம் ஆண்டில் இக்கோட்டையின் பொறுப்பை ஏற்ற அவர், சில திங்களுக்குள் வங்காளம் சென்றார். மறு ஆண்டு பிளாசிப் போர் நடந்தது. அப்போரின் பயனாக நவாபான மீர் ஜாபர், தாம் இறக்கும்போது ஐந்து இலட்சம் ரூபாயைக் கிளைவுக்கு விட்டுச் சென்றார். அத்தொகையைக் கிளைவ் கம்பெனியிடம் ஒப்படைத்தார். உடல் ஊனமுற்றுப் பணியாற்ற இயலாமற்போன படைவீரர்க்கும், இறந்தவர்களின் கைம்பெண்களுக்கும் உதவும் பொருட்டு, 1770ஆம் ஆண்டில் ‘கிளைவ் பிரபு நிதி’ ஏற்பட்டது.

நல்ல செயலே, ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 1858ஆம் ஆண்டில் கம்பெனியின் ஆட்சி முடிவுற்றது. அதன் படைகள் அரசியின் படைகளாயின. கம்பெனிக்குப் படையே இல்லாதபோது இந்நிதி எதற்கு, எங்கள் முன்னோரின் பணம் எங்களுக்கே உரியது என்று கிளைவின் வழியினர் வழக்காடினர். 1863ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. கொடையின் இயல்பு இது. கொடுத்தவன் வகுத்த எல்லை தீர்ந்தவுடன் அது கொடுத்தவன் வீட்டுக்கே திரும்பிப் போகக்கூடும். வாங்கியவன் அதனைத் தடுக்க இயலாது.

அரசு தன் குடிமுறை ஊழியர்க்கு அளித்த ஓய்வூதியமும் நெடுங்காலம் ஏறக்குறைய இத்தன்மையதாகவே இருந்தது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரசு வழங்கும் ஓய்வூதியம் குறித்து ஒருவர் உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டுமானால், முதலில் கலெக்டரிடம் சான்று பெற வேண்டும் என்று அது விதித்தது. தென்னார்க்காட்டில் அந்தக் கலெக்டர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். சிதம்பரத்து முதியவர் ஒருவர், தமக்கு வர வேண்டியது வரவில்லை என்று அரசின்மேல் வழக்காட விரும்பினால், அதே அரசின் அதிகாரியிடம் சென்று இசைவு கேட்க வேண்டும்! ஆனால் அச்சட்டம் ஒரு நன்மையும் செய்தது என்பதை மறைத்தல் முறையன்று. கடன் கொடுத்தவர் எவரும் ஓய்வூதியத்தை நீதிமன்றத்தின் வாயிலாகப் பறித்துக்கொள்ள முடியாதபடி அது காத்தது.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை படிப்படியாக மாறிற்று. 1964ஆம் ஆண்டில் மத்திய அரசு கொணர்ந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்தால், ஊழியரின் மறைவுக்குப் பின் அவர் மனைவி மக்களுக்கும் வழி பிறந்தது. ஓய்வூதியம் ஆள்வோரின் விருப்பத்தைச் சார்ந்த சலுகை அன்று, ஊழியரின் உடைமை என்று 1971ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. ஆயினும் மிகப் பெரிய திருப்பம் 1982 டிசம்பர் 17ஆம் நாள் வந்தது.

1979ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கு முறையைத் திருத்தி, தொகையை உயர்த்தியது. ஆனால் அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாளிலும் அதன் பின்னரும் ஓய்வு பெற்றவர்க்கே அப்பயன் கிட்டும் என்று ஒரு கோடு கிழித்தது. 1972ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற நகாரா என்பவரும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இக்கோட்டுக்குத் தக்க காரணம் இல்லை, இது சமத்துவத்துக்கு மாறானது என்று தீர்த்தது. ஓய்வூதியம் இரக்கத்தால் இடும் பிச்சை அன்று, முன்னர்ச் செய்த பணிக்கு உரிய ஊதியமே என்னும் கருத்து அன்று உறுதி பெற்றது. அந்நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர்.

எனினும் கோடு கிழிக்கும் வழக்கம் அத்துடன் ஒழியவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அரசுப் பணியில் சேர்ந்தவர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் விதிக்கப்பட்டது. அதற்கான ஆணை பிறந்ததோ ஆகஸ்டுத் திங்களில். சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் இரண்டு ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மார்ச்சு 31ஆம் நாள் சேர்ந்தார். மற்றவர் மறுநாள் சேர்ந்தார். கரும்பலகை ஒன்று, பாடம் ஒன்று, மாணவரும் ஒருவரே. முன்னவர்க்கு, முழுப் பணிக்காலமும் ஆற்றினால், இறுதி ஊதியத்தில் பாதி திங்கள்தோறும் வாழ்நாள் முழுதும் வரும். பின்னவர் ஊதியத்தில் அத்திட்டப்படி நூற்றுக்குப் பத்து பிடித்தம் செய்யப்பட்டது. அரசும் அதே அளவு சேர்த்தது. அவ்வாறு சேர்ந்த தொகையை வட்டியோடு பெறுவதே அத்திட்டத்தில் ஓய்வு பெற்றவர் கண்டது.

சட்டத்தின் கண்ணில் இவ்விரு கோடுகளும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டின் கோடு ஏற்கெனவே உழைத்து ஓய்ந்தவர்களைப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் கோடு புதிதாக நுழைவோரைப் பிரித்தது. அரசின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. மக்கள் முன்னைவிட நெடுநாள் வாழ்கின்றனர். ஓய்வூதியமோ அவ்வாண்டு வரி வருவாயிலிருந்தே கொடுக்கப்படுவது. அது பெருகப் பெருகப் பள்ளிக்கும் பாசனத்துக்கும் செலவிடக் கூடியது குறையும். உழைத்தவரின் உரிமையையும் உழவரின் வரிப்பணத்தையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டியுள்ளது.

நிறுவனம் கைமாறினாலும் இவ்வினா எழும். சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசின் கீழ் வந்தது. ஊழியர் பலர் அரசு அலுவலகங்களுக்கு மாற்றப்பட்டனர். பொறுப்பாளர் மாறும்போது முதுமைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று ஊழியர் கேட்பது இயல்பே.

மறுஆய்வுகள் தொடர்ந்து வந்தன. இறுதி ஓராண்டின் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதியை, 25 ஆண்டுகள் பணியாற்றியவர்க்கு உறுதி செய்யும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஒரு குழுவை அமைத்து, மூன்று திட்டங்களையும் ஒப்பிட்டு ஆராயப் பணித்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கியபோது கடலூரின் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் அவரே. 1871ஆம் ஆண்டில் முதியவரின் வழக்குக்கு இசைவு தரும் அதிகாரம் எந்தப் பதவிக்கு இருந்ததோ, அந்தப் பதவியை வகித்த ஒருவர், ஊழியர்க்கு எது உரியது என்பதை ஆராய நேர்ந்தது.

எந்த மறுஆய்வையும் மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு என்பது என் கருத்து. எவ்வளவு தருகிறார்கள் என்று மட்டும் கேட்பது போதாது. வாக்குறுதி பணியின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்டதா? சொன்னபடி அது காக்கப்படுகிறதா? கிழிக்கும் கோட்டுக்குக் காரணம் காட்ட முடியுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அது உரிமை. இல்லையேல் கிளைவ் பிரபுவின் கொடையே. நாளை இன்னொரு கோடு கிழிக்கப்படலாம். அதன் இரு பக்கங்களிலும் நிற்கப்போகிறவர்கள் இன்று கல்விச்சாலைகளில் இருக்கும் நீங்களே.