சந்தோசமா, சம்பளமா?



சென்ற விடுமுறையில் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் குடும்பங்களோடு நுவரெலியா போயிருந்தோம். திரும்பி வரும் வழியில் ஒரு ரெஸ்டூரன்டில் பகல் சாப்பாட்டுக்கு இறங்கினோம். பில் வந்தது. அடியில் 10% சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். உடனே மேசையில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"சேவைக்கு என்றுதானே பத்து வீதம் எடுத்திருக்காங்க, இனி எதுக்கு சந்தோசம்?" என்றார் ஒருவர். "நம்மட பிள்ளைகள் சிந்தினதெல்லாம் அந்தப் பொடியன்தான் துடைச்சான். கையில ஏதாவது வைக்காம எப்படிப் போறது?" என்றார் இன்னொருவர். கடைசியில் 200 ரூபாய் வைத்துவிட்டு எழும்பினோம்.

பரிமாறிய பொடியன் எங்களிடம் படித்தவன். வாகனம் வரை வந்து ஸலாம் சொன்னான். "அந்தப் பத்து வீதம் உங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்டோம். திரும்பி ஒருமுறை கடையைப் பார்த்துக்கொண்டான். "எங்களுக்கு அது வாறல்ல சேர். சம்பளத்தைக் கூட்டித் தாங்க என்று கேட்டா, சந்தோசம் கிடைக்குதுதானே என்று சொல்றாங்க" என்றான்.

ஊர் வந்து சேரும் வரை அந்தப் பேச்சுத்தான். எங்களில் இருவர் வரலாறு படிப்பிப்பவர்கள். "சந்தோசம் கிடைக்குதுதானே" என்ற இந்தப் பதிலுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தேடி வாசித்ததை நம் ஊரவர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் 'சந்தோசம்' என்கிறோம். பழையவர்கள் 'இனாம்' என்பார்கள். அது அரபியில் இருந்து வந்த சொல். 'பக்ஷீஸ்' பாரசீகத்தில் இருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: மனம் விரும்பிக் கொடுப்பது. 'டிப்' என்பது ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று முகநூலில் ஒரு கதை சுற்றுகிறது. அது பிற்காலத்தில் கட்டிய கதை. பழைய ஆங்கிலக் கொச்சைப் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்தல் என்று பொருள், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் பிரபுக்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் அங்குள்ள வேலைக்காரர்களுக்குக் காசு கொடுத்து வரும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் 1865 இல் முடிந்த பிறகு, ஐரோப்பா போய்வந்த பணக்காரர்கள் அந்தப் பழக்கத்தைத் தங்கள் நாட்டிலும் பரப்பினார்கள். யுத்தத்தோடு அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வேலை தேடி அலைந்தார்கள். இந்த இரண்டும் ஒரே காலத்தில் வந்ததுதான் கதையின் முக்கியமான இடம்.

ஜோர்ஜ் புல்மன் என்பவர் 1867 இல் படுக்கை வசதியுள்ள சொகுசு ரயில் பெட்டிகளுக்காக ஒரு கம்பனி தொடங்கினார். பயணிகளின் படுக்கையை விரிக்க, பெட்டியைச் சுமக்க, சப்பாத்தைத் துடைக்கக் கறுப்பின ஆண்களை எடுத்தார். சம்பளம் மிகக் குறைவு. மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் தேடிக்கொள்ள வேண்டும். மாதம் 400 மணித்தியாலம் வரை வேலை. சப்பாத்துப் பொலிஷைக் கூட அவர்களே காசு கொடுத்து வாங்க வேண்டும். பயணிகள் அவர்களின் பெயரைக் கேட்பதில்லை. எல்லோரையும் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எசமானின் பெயரால் கூப்பிடும் பழைய பழக்கம் அது. டிப்ஸ் வேண்டுமென்றால் அதற்கும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

அந்தத் தொழிலாளர்கள் 1925 இல் பிலிப் ரண்டோல்ப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். 12 வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1937 இல் கம்பனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் கூடியது, வேலை நேரம் மாதம் 240 மணித்தியாலமாகக் குறைந்தது. அவர்கள் கேட்டது கூடுதல் டிப்ஸ் அல்ல, வாழப் போதுமான சம்பளம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் டிப்ஸை வெறுத்த அமெரிக்கர்களும் நிறைய இருந்தார்கள். சுதந்திர நாட்டில் ஒருவன் இன்னொருவன் முன் கையேந்துவதா என்று கேட்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909 இல் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் 1926 ஆகும்போது அந்தச் சட்டங்கள் எல்லாம் இல்லாமல் போய்விட்டன.

1938 இல் அமெரிக்காவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது ஹோட்டல், ரெஸ்டூரன்ட் தொழிலாளர்கள் அதற்குள் வரவில்லை. 1966 இல்தான் சேர்த்தார்கள். அதிலும் ஒரு கழிவு வைத்தார்கள். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி குறைந்த சம்பளம் கொடுக்கலாம். மீதியை டிப்ஸ் நிரப்பும். நிரப்பாவிட்டால் மட்டும் முதலாளி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் குறைந்த தொகை 1991 இல் மணித்தியாலத்துக்கு 2.13 டொலர். இன்றும் கூட்டரசுச் சட்டத்தில் அதே 2.13 டொலர்தான். மற்றத் தொழிலாளிக்கு 7.25 டொலர். அமெரிக்காவில் சாப்பிட்டுவிட்டு 15 முதல் 20 வீதம் வைக்காமல் எழும்பினால் ஏன் முறைக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். அங்கே டிப்ஸ் அந்த ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கு. நெவாடா உட்பட 7 மாநிலங்கள் மட்டும் இந்தக் கழிவை ஏற்பதில்லை. அங்கே முழுக் குறைந்தபட்சச் சம்பளமும் கொடுத்தாக வேண்டும்.

நெவாடா என்றால் லாஸ் வேகாஸ். லாஸ் வேகாஸ் என்றால் கசினோ. சிலர் முகம் சுளிப்பீர்கள். சூதாட்டம் நமக்கு ஹராம், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் சந்தோசம் என்பது அன்பளிப்பா, கூலியா என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்களில் கசினோ மேசைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

மேசையில் சீட்டுப் போடுபவரையும் தாயக்கட்டை ஆட்டத்தை நடத்துபவரையும் டீலர் என்பார்கள். அவருக்கு டிப்ஸ் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கையில் திணிக்க முடியாது. ஆட வந்தவர் ஒரு வில்லையை மேசையில் வைத்து "இது உங்களுக்கு" என்று சொல்வார். டீலர் எல்லோருக்கும் தெரியும்படி அதை மேசையில் தட்டிவிட்டு, பூட்டிய பெட்டிக்குள் போடுவார். மேசையை விட்டுப் போகும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். மேலே கமரா பார்த்துக்கொண்டிருக்கும். பல கசினோக்களில் பெட்டியில் சேர்ந்ததை டீலர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்.

1970களில் ஒரு டீலர் இந்தப் பணத்துக்கு வரி கட்ட முடியாது என்று வழக்குப் போட்டார். அவரது வாதம் நல்ல வாதம். எல்லா விளையாட்டுக்காரரையும் ஒரேமாதிரி நடத்துவது என் கடமை. பணம் தருபவருக்கு நான் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஆகவே இது சேவைக்கான கூலி அல்ல, அன்பளிப்பு என்றார். கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1976 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நாள் தவறாமல் வருகிறது, சமமாகப் பங்கிடுகிறீர்கள், அதை நம்பித்தான் வாழ்கிறீர்கள். எனவே இது வருமானம் என்றது.

கொடுக்கிறவருக்கு அது சந்தோசம். வாங்குகிறவரின் வீட்டில் அது அரிசியும் பால்மாவும். அந்தத் தீர்ப்பை நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம்.

வருமானம் என்று ஆனதும் மற்றவர்களின் கண்ணும் அதில் விழும். 2006 இல் வின் லாஸ் வேகாஸ் கசினோவில் டீலர்களின் டிப்ஸில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு என்று நிர்வாகம் முடிவெடுத்தது. மேற்பார்வையாளருக்குச் சம்பளத்தைக் கூட்டவேண்டியது யார்? நிர்வாகம். கூட்டப்பட்டது யாருடைய பணத்தில்? டீலர்களின் பணத்தில். டீலர்கள் அடுத்த வருடமே தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தார்கள். வழக்குகள் பல வருடம் இழுபட்டன. 2018 இல் அமெரிக்கக் கொங்கிரஸ், முதலாளியோ முகாமையாளரோ மேற்பார்வையாளரோ ஊழியரின் டிப்ஸை எடுக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தியது.

இனி நம் மேசைக்கு வருவோம். இங்கே பில்லில் 10% சேவைக் கட்டணம் போடுவது வழமை. பல பெரிய ஹோட்டல்களில் அதை மாதமுடிவில் ஊழியர்களுக்குப் பங்கிடுகிறார்கள். அது பெரிய உதவி. ஆனால் எங்கள் மாணவன் வேலை செய்யும் இடத்தைப் போன்றவையும் இருக்கின்றன. பில்லில் சேவை என்று எழுதி வாங்கிய பணம் சேவை செய்தவனிடம் போகாவிட்டால், அதற்குப் பெயர் வேறு.

ஆகவே எங்களுக்குள் சில விடயங்களை முடிவெடுத்தோம். பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால், அது யாருக்குப் போகிறது என்று பரிமாறியவரிடம் கேட்காமல் கல்லாவில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்போம். ஊழியரிடம் கேட்டால் அவருடைய வேலைக்கே ஆபத்து வரலாம். அன்று எங்கள் மாணவன் திரும்பிப் பார்த்தது அதனால்தான். சந்தோசம் கொடுப்பதென்றால் கையில் கொடுப்போம், பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கொடுப்போம். கொடுத்ததற்காக யாரும் நம் முன் பணிந்து நிற்கத் தேவையில்லை.

ஊரில் சாப்பாட்டுக்கடை, பேக்கரி, மண்டபம் நடத்தும் நானாமாரிடம் ஒரு வேண்டுகோள். பொடியன்மாருக்குச் சம்பளம் பேசும்போது சந்தோசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது வாடிக்கையாளர் அவனுக்குக் கொடுப்பது. நீங்கள் கொடுக்கவேண்டியது தனி. மழை நாளில் கடையில் ஆள் இல்லாவிட்டாலும் அவன் காலையில் இருந்து நின்றுகொண்டுதானே இருக்கிறான்?

கட்டார், துபாய் ஹோட்டல்களில் வேலை செய்த தம்பிமார் நம் ஊரில் நிறையப் பேர். அங்கே இந்தப் பணம் எப்படிப் பங்கிடப்பட்டது, உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். நாங்கள் புத்தகத்தில் வாசித்ததை நீங்கள் நின்று பார்த்தவர்கள்.